கூட நின்ற மாடுகள்

அண்ணன் என்று நான் கூப்பிடும் அந்தப் பால்காரர் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்த அன்று, வழக்குத் தொடர அவருக்கு ஏழு மாதம்தான் மிச்சம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. ஒப்பந்தம் மீறப்பட்டால் ஆறு வருடத்துக்குள் நீதிமன்றம் போயாக வேண்டும் என்கிறது மலேசியாவின் 1953-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டம். கடன் பத்திரத்துக்கும் வீட்டு வாடகைக்கும் ஆறு வருடம் தாராளம். காளை வாங்கியவனுக்கு அது நெருக்கடி. காளை வந்து, பசு சினை பிடித்து, ஒன்பது மாதம் கழித்துக் கன்று போட வேண்டும். அது கிடேரியாக இருக்க வேண்டும். வளர்ந்து, பருவத்துக்கு வந்து, தானும் சினையாகித் தலையீத்து ஈனுவதற்கு மூன்று வருடம் ஓடிவிடும். அதற்குப் பிறகு 305 நாள் கறந்து பார்க்க வேண்டும். காளை நல்ல காளைதானா என்று தெரிவதற்குள் ஐந்து வருடம் போய்விடுகிறது.

அவர் ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா 1947-இல் அதே தோட்டத்தில் தொண்டர் படையில் நின்று, கள்ளுக்கடை மறியலில் போலீஸ் அடி வாங்கியவர் என்று வந்த முதல் நாளே சொன்னார். "எழுதிக் குடுத்தத விட்டுட்டுப் போறவங்க எங்க வீட்டுல யாரும் இல்ல தம்பி" என்பதற்கு முன்னுரையாகத்தான் அதைச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். லயத்துக்குப் பின்னால் நாலு மாடு. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது மாடுகளோடு வெளியே வந்து, பீடோங்கிலிருந்து செமிலிங் போகும் சாலைப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் கொட்டகை போட்டார். நான் பார்த்தபோது நாற்பது உருப்படி. விடிவதற்குள் கறந்து, பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், திரும்பி வந்து புல் வெட்டப் போவார். கொட்டகை வாசலில் நின்றால் எதிரே ஜெராய் மலை.

மேசையில் இரண்டு பொருள் வைத்தார். ஒன்று, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சான்றிதழ். இன்னொன்று, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய 555 நோட்டுகள். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அதே சின்ன நோட்டு. மாட்டுக்கு ஒன்றாக, மாட்டின் பேரை மேலே எழுதி, காலைப் பால், மாலைப் பால், தேதி. சில பக்கங்களில் சாணிக் கறை.

சான்றிதழில் காளையின் காது எண், ஃப்ரீசியன்–சாஹிவால் கலப்பு என்ற குறிப்பு, கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: முதல் ஈத்து மகள்களின் சராசரி, 305 நாளில் 3,600 லிட்டர். தரம் ஏ. விற்றது வேறொரு மாநிலத்துப் பண்ணை. விலை 22,000 வெள்ளி.

"தம்பி, இந்தத் தாளு நாளைக்குப் பன்னெண்டு லிட்டர்னு சொல்லுது. எங்கொட்டாயில இதோட புள்ளைங்க எட்டும் கறந்து முடிச்சிருச்சு. ஏழு லிட்டரத் தாண்டல."

தோட்டத்து ஜனங்கள் மாடு வாங்கும் விதம் எனக்குத் தெரியும். சுழி பார்ப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள், தாயின் மடியைப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மாடுகளின் வழிவந்தவை தோட்டத்து மாடுகள். கால்நடை இலாகாவின் ஏடுகளில் அவற்றுக்கு உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்று பெயர். சூட்டைத் தாங்கும், உண்ணிக்கு அசராது, பால் குறைவு. பிறகு அரசாங்கம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சாஹிவால்–ஃப்ரீசியன் கலப்பைக் கொண்டுவந்தது. அதிலிருந்து உருவான மஃப்ரிவால் என்ற பெயர் தோட்டப்புறத்தில் எல்லோருக்கும் பழக்கம். கலப்பு மாடு வந்த பிறகுதான் காளையோடு தாளும் வர ஆரம்பித்தது. அண்ணன் சுழியையும் பார்த்தார், தாளையும் பார்த்தார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். 22,000 வெள்ளி கொடுத்த மாட்டை அவர் பல்லைப் பிடித்தே பார்த்திருக்கிறார். அந்த ஒரு வரியை எப்படிப் பிடித்துப் பார்ப்பது என்பது அவருக்கும் தெரியவில்லை, அப்போது எனக்கும் தெரியவில்லை.

தெரியாததால் நான் மனுவைத் தவறாக எழுதினேன். 1957-ஆம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டேன்: பொருள் தரமில்லை, வாங்கிய நோக்கத்துக்கு உதவாது. காளை உதவாக்கரை என்பதுதான் என் வாதத்தின் சாரம். காளைக்கான விலையும் நஷ்டப்பட்ட பாலும் சேர்த்து 68,000 வெள்ளி கேட்டோம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் வரம்பு அப்போது 25,000 வெள்ளிதான் என்பதால் சுங்கைப்பட்டாணி செஷன்ஸ் நீதிமன்றத்தில் பதிவு செய்தோம்.

நிபுணர் சாட்சி வேண்டும். அரசாங்கப் பண்ணைகளில் இனவிருத்தி வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மலாய் விஞ்ஞானி ஒத்துக்கொண்டார். காகிதத்தை அனுப்புகிறேன் என்றேன். முதலில் கொட்டகையைக் காட்டுங்கள் என்றார்.

அந்தச் சாயங்காலத்தை நான் மறக்கவில்லை. பால் கறந்து முடித்த நேரம். அவர் காளையை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து 555 நோட்டுகளைப் பிரித்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. எண்களும் தேதியும் போதும், மாட்டின் பேரை அண்ணன் வாசித்தார். இந்தக் காளையின் மகள்கள் எட்டின் நோட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, அவர் கேட்ட முதல் கேள்வி: "இவை கறந்த அதே மாதங்களில், இதே கொட்டகையில், முதல் ஈத்தில் வேறு எந்தெந்த மாடு கறந்தது?"

நான் அந்தக் கேள்வியை யோசித்ததே இல்லை. நாங்கள் 3,600-ஐயும் எங்கள் 2,130-ஐயும் மட்டுமே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணனுக்கு அது உடனே புரிந்தது. "பால் ஸ்டோர்ல கிராணி எடை போடறப்போ இதுதான் நடக்கும்" என்றார். அவருடைய அம்மா பால்மரம் வெட்டிய நிரையில் எல்லாம் கிழட்டு மரம். புது மரம் நட்ட பக்கம் வெட்டுகிறவர்கள் வாளி நிறையக் கொண்டுவருவார்கள். அம்மா சோம்பேறி என்று கிராணி ஒருநாள் திட்டியபோது, "எங்கம்மா சொன்னாங்க: ஐயா, எம்பக்கத்து நெரைக்காரி வாளியப் பாருங்க, அப்புறம் என்னையத் திட்டுங்க." இதை நான் மலாயில் சொன்னதும் விஞ்ஞானி நோட்டை மூடிவிட்டு அண்ணனையே பார்த்தார். 1954-இல் பிரிட்டனில் ராபர்ட்சனும் ரெண்டலும் காளைகளுக்காக எழுதியது இதைத்தான் என்றார். காளையின் மகள்களை, அதே கொட்டகையில் அதே காலத்தில் கறந்த மற்றக் காளைகளின் மகள்களோடு மட்டும் ஒப்பிடுவது.

கூட நின்ற மாடுகள் பதினான்கு கிடைத்தன. அவற்றின் சராசரி 2,050 லிட்டர். எங்கள் காளையின் மகள்கள் எட்டின் சராசரி 2,130. அதாவது, உதவாக்கரை என்று நான் மனுவில் எழுதியிருந்த காளையின் மகள்கள், அண்ணனின் மற்ற மாடுகளைவிட 80 லிட்டர் கூடுதலாகக் கறந்திருந்தன.

அன்றிரவு சுங்கைப்பட்டாணிக்குக் காரோட்டிக்கொண்டு வரும்போது வழக்கு போய்விட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் விஞ்ஞானியிடமே உட்கார்ந்து பாடம் கேட்டேன். ஒரு காளை தானே பால் தராது. அதன் மதிப்பை மகள்கள் வழியாகத்தான் ஊகிக்க வேண்டும். எப்படி ஊகிப்பது என்பதில்தான் நூறு வருடத்து வாதம். வெறும் மகள்களின் சராசரி எடுத்தால், நல்ல தீனி போடும் கொட்டகையில் மகள்கள் உள்ள காளை எல்லாம் நல்ல காளையாகிவிடும். அமெரிக்காவில் 1930-களிலிருந்து 1962 வரை மகளைத் தாயோடு ஒப்பிட்டார்கள். அதிலும் ஓட்டை: மகள் கறப்பது தாய் கறந்ததற்குச் சில வருடம் கழித்து. இடையில் தீனியும் வசதியும் கூடியிருந்தால் மகள்கள் எல்லாம் தாயை மிஞ்சும், காளைகள் எல்லாம் கெட்டிக்காரக் காளைகளாகத் தெரியும். அதனால்தான் கூட நின்ற மாடுகளோடு ஒப்பிடும் முறைக்கு மாறினார்கள். பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்து ஹெண்டர்சன், கொட்டகை, வருடம், பருவம், காளை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துத் தீர்க்கும் வழியைக் கொண்டுவந்தார். பிளப் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 1970-இல் அந்தப் பல்கலைக்கழகம் செயற்கைக் கருவூட்டல் காளைகளை அந்த முறையில் மதிப்பிடத் தொடங்கியது. 1989-இல் அமெரிக்கா முழுவதற்கும் இன்னொரு படி: காளையை மட்டும் பார்க்காமல் தாய், பாட்டி, சகோதரி என்று ரத்த உறவு முழுவதையும் கணக்கில் எடுக்கும் மாதிரி.

இதில் ஒரு சின்னக் கணக்கு என் மனசில் ஆணி அடித்தாற்போல் நின்றது. வழக்கே அதில்தான் திரும்பியது என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு மாடு பாலில் உள்ள வித்தியாசத்தில் சுமார் கால் பங்குதான் ரத்தவழி வருவது. மீதி முக்காலும் தீனி, சூடு, நோய், கறக்கிற கை. அதனால் கொஞ்ச மகள்களை வைத்துக் காளைக்கு முழு மார்க் கொடுக்கக் கூடாது. மகள்கள் எத்தனை என்று எண்ணு. அதோடு 15 கூட்டு. வந்த தொகையால் மகள்களின் எண்ணிக்கையை வகு. ஐந்து மகள் என்றால் இருபதில் ஐந்து, கால் பங்கு. பதினைந்து மகள் என்றால் அரைப் பங்கு. நாற்பத்தைந்து மகள் இருந்தால்தான் முக்கால். காணும் வித்தியாசத்தில் அந்தப் பங்கை மட்டுமே இனிப் பிறக்கும் மகள்களிடம் எதிர்பார்க்கலாம்.

கூட நின்ற மாடுகள் குறைவாக இருந்தால் அதற்கும் கழிவு உண்டு. எட்டை 14-ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையான 22-ஆல் வகுத்தால் ஐந்து சொச்சம். எங்கள் எட்டு மகள்களுக்கு ஐந்து மகள்களின் எடைதான் நிற்கும். 80 லிட்டரில் கால் பங்கு, 20 லிட்டர். ஒரு ஈத்து முழுவதற்கும் இருபது லிட்டர்.

விற்றவர்களின் சான்றிதழில் எத்தனை மகள்கள் என்று இல்லை. ஆவணங்களைக் காட்டும்படி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினோம். வந்த பால் பதிவேட்டில் அது இருந்தது: ஐந்து. அந்தப் பண்ணையில் அதே காலத்தில் கறந்த மற்ற மாடுகளின் சராசரி 3,300 லிட்டர். மின்விசிறி, நீர்த்தூவல், மூட்டைத் தீவனம் எல்லாம் உள்ள கொட்டகை. ஆக 3,600-இல் 3,300 கொட்டகையினுடையது. மிச்சம் 300. அதில் ஐந்து மகளுக்கு உரிய கால் பங்கு 75 லிட்டர். 305 நாளுக்குப் பிரித்தால் நாளைக்குக் கால் லிட்டர். அந்தத் தடித்த வரியிலிருந்து அண்ணன் நியாயமாக எதிர்பார்த்திருக்கக் கூடியது அந்தக் கால் லிட்டர்தான்.

நான் மனுவைத் திருத்த அனுமதி கேட்டேன். காளை உதவாது என்ற வாதத்தைக் கைவிட்டேன். சட்டத்தின் 15-ஆம் பிரிவுக்கு வந்தேன்: வர்ணனையை நம்பி விற்கப்படும் பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும். கூடவே 1950-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. அதில் ஒரு வாசகம் உண்டு. சொல்பவர் உண்மை என்றே நம்பினாலும், தன் கையில் உள்ள தகவல் இடம்கொடுக்காத ஒன்றை அடித்துச் சொன்னால் அதுவும் தவறான கூற்றுதான். சட்டக் கல்லூரியில் அதைப் படித்தபோது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. ஐந்து மகள்கள் என்ற தகவல் எவ்வளவுக்கு இடம்கொடுக்கும் என்று ஒரு கணக்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த வரி எனக்கு உயிரோடு தெரிந்தது.

விசாரணை மூன்று நாள் நடந்தது. நீதிபதி ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். அண்ணனுக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். விஞ்ஞானி மலாயில் சொன்னதை அவர் "சமகால மாடுகள்" என்று பெயர்த்தார். அண்ணன் விழித்தார். பிறகு, "கூட நின்ன மாடுங்களச் சொல்றாரு" என்று தானே தெளிந்து தலையாட்டினார். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பாளரும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார்.

எதிர்த்தரப்பின் நிபுணரும் கெட்டிக்காரர். எங்கள் நோட்டுகளையே எடுத்து, குறைந்த வர்க்க முறை என்ற புள்ளியியல் கணக்கில் வருடத்தையும் பருவத்தையும் சரிசெய்து, காளையின் மகள்கள் மற்றவற்றைவிட 95 லிட்டர் மேல் என்று காட்டினார். அண்ணன் கொட்டகையில் நான்கு காளைகளின் மகள்கள் இருந்தன. வெறும் சராசரியில் எங்கள் காளை இரண்டாம் இடம். குறைந்த வர்க்க முறையிலும் இரண்டாம் இடம். எங்கள் விஞ்ஞானி உறவு முழுவதையும் சேர்த்த பிளப் கணக்கில் அது மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. ஏன் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். காரணம் அண்ணனின் நோட்டிலேயே இருந்தது. இருபத்திரண்டாயிரம் வெள்ளி கொடுத்த காளைக்கு அவர் தன்னுடைய மிக நல்ல பசுக்களைத்தான் விட்டிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். மகள்களின் பாலில் ஒரு பகுதி அந்தத் தாய்மார்கள் கொடுத்தது. தாயைப் பார்க்காத கணக்கு அதையும் காளையின் பேரில் எழுதிவிடுகிறது.

முதலிடத்தில் இருந்த காளையும் கடைசியில் இருந்ததும் எந்த முறையிலும் இடம் மாறவில்லை. இந்தியாவில் கர்னாலிலும் மீரட்டிலும் சாஹிவால் காளைகளையும், நம் மஃப்ரிவாலின் அதே ரத்தக் கலப்பான ஃப்ரீஸ்வால் காளைகளையும் இப்படிப் பல முறைகளில் மதிப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று விஞ்ஞானி சொன்னார். முறைகள் பெரும்பாலும் ஒத்துப்போகும், நடுவில் நிற்கும் காளைகளில்தான் இடம் புரளும் என்றார். எங்கள் காளை அந்த நடுவில் நின்றது.

எங்கள் பக்கத்தில் ஒரு குறை வெளிப்பட்டதையும் மறைக்காமல் எழுத வேண்டும். விசாரணைக்கு இரண்டு வாரம் முன்னால் விஞ்ஞானி கூப்பிட்டார். கன்றுக் கணக்கில் இந்தக் காளைக்குப் பத்து மகள்கள் வருகின்றன, பால் நோட்டு எட்டுக்குத்தான் இருக்கிறது, இரண்டு எங்கே? அண்ணனைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் மாதமே பால் இறங்கிவிட்ட இரண்டு கிடேரிகளை வியாபாரிக்கு விற்றுவிட்டார். வெட்டுக்குத்தான் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த வேதனையில் அவற்றின் நோட்டை என்னிடம் கொடுக்கவே இல்லை. வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தன. நான் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த இரண்டு நோட்டுகளையும் எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டுத்தான் நீதிமன்றத்துக்குள் போக முடியும் என்றேன். அந்தத் தொண்ணூறு சொச்ச நாள் கணக்கைச் சேர்த்ததும் பிளப் கணக்கில் வந்த காளையின் மதிப்பு 31 லிட்டரிலிருந்து 12-க்கு இறங்கியது. மோசமாகக் கறந்தவற்றை விற்றுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுத்தால் எந்தக் காளையும் உயர்ந்துதான் தெரியும். பதிவில் இல்லாத மாட்டை எந்தக் கணக்கும் திருப்பிக் கொண்டுவராது.

அதனால்தான் குறுக்கு விசாரணையில் விற்றவர்களின் மேலாளரிடம் நான் காது எண்களை மட்டும் கேட்டேன். கன்று ஈன்ற பதிவேட்டில் இந்தக் காளையின் மகள்கள் எத்தனை ஈன்றன? பக்கத்தைப் புரட்டி எண்ணினார். பதினொன்று. சான்றிதழில் சேர்ந்தவை? ஐந்து. மீதி ஆறு? விற்றாகிவிட்டது. ஏன்? கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பண்ணைக்கு ஏற்றதாக இல்லை என்றார். அவற்றின் பால் கணக்கு? வைத்திருக்கவில்லை. 1950-ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு, காட்டக்கூடிய சாட்சியத்தைக் காட்டாதவருக்கு அது பாதகமாகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்க இடம் தருகிறது. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, வாதியும் இதே காரியத்தைச் செய்தவர்தானே என்றார். நியாயமான அடி. செய்தார், நோட்டையும் கொடுத்தார் என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாதம் இன்னும் கனமானது: உங்கள் நிபுணரே காளை கூட நின்ற மாடுகளுக்கு மேல் என்கிறார், பிறகு என்ன குறை? வாங்கும்போதே பதிவேட்டைக் கேட்டிருந்தால் எல்லாம் தெரிந்திருக்குமே?

நீதிபதி அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் விஞ்ஞானியை மறுபடி கூண்டுக்கு அழைத்து ஒரே கேள்வி கேட்டார். இந்தக் காளையை விற்ற அன்று, கையில் இருந்த தகவலை வைத்து, அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தால் உண்மையாக இருந்திருக்கும்?

அவர் யோசித்து, சொல் சொல்லாகச் சொன்னார். நீதிபதி தன் கையாலேயே எழுதிக்கொண்டார். பதினொரு மகள்கள், கணக்கு உள்ளவை ஐந்து. ஒரே பண்ணை. ஐந்தும் கூட நின்ற மாடுகளைவிடச் சராசரியாக 300 லிட்டர் கூடுதல். இனி வரும் மகள்களிடம் எதிர்பார்க்கத்தக்கது அதிகபட்சம் 75 லிட்டர். நம்பகம் நூற்றுக்கு 25.

"இப்படி எழுதிய தாளோடு வந்தால் இந்தக் காளை என்ன விலை போகும்?" அதற்கு விஞ்ஞானி பதில் சொல்லவில்லை, அது தன் துறை இல்லை என்றார். எங்கள் இரண்டாவது சாட்சியான மாட்டு மதிப்பீட்டாளர், தாளில்லாத அதே கலப்புக் காளை அந்த வருடத்தில் 13,000 வெள்ளி போனது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. அந்த வரி ஐந்து மகள்களைப் பற்றி உண்மையாக இருக்கலாம். வாங்குகிறவர் அதைக் காளையைப் பற்றிய வர்ணனையாகவே படிப்பார், அப்படிப் படிக்க வேண்டும் என்றுதான் அது தடித்த எழுத்தில் இருக்கிறது என்றார் நீதிபதி. வர்ணனைக்குக் காளை ஒத்துவரவில்லை. அண்ணன் காளையை ஏற்று ஐந்து வருடம் பயன்படுத்திவிட்டதால் திருப்பித் தர முடியாது, நஷ்ட ஈடுதான். 22,000-க்கும் 13,000-க்கும் உள்ள வித்தியாசம் 9,000 வெள்ளியும் செலவுத் தொகையும். நஷ்டப்பட்ட பாலுக்கு ஒரு காசும் இல்லை. எந்தக் காளையும் ஒரு கொட்டகையின் தீனியையும் மின்விசிறியையும் இன்னொரு கொட்டகைக்குச் சுமந்துகொண்டு வராது என்று எங்கள் நிபுணரின் வாயாலேயே நிரூபணமாகிவிட்டது.

68,000 கேட்டு 9,000 வாங்கியதைச் சிலர் தோல்வி என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மனுவை முதலில் எழுதியபடியே விட்டிருந்தால் அதுவும் வந்திருக்காது. அண்ணன் தீர்ப்பை முழுக்க வாசித்துக் காட்டச் சொன்னார். 'வர்ணனை' என்ற இடம் வந்ததும் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு இந்த விஷயம் எனக்கு வழக்கோடு நிற்கவில்லை. கிடைத்ததைப் படிக்கிறேன். 1962-இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற அமெரிக்கக் காளையைப் பற்றிப் படித்தபோது அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. பதினாறாயிரம் மகள்கள். இன்றைய ஹோல்ஸ்டைன் இனத்தின் மரபணுவில் ஏறக்குறைய 14 சதவீதம் அந்த ஒரே காளையிலிருந்து வந்தது. பால் கணக்கில் பெயர் பெற்ற காளை. அதே காளை, தாய் வயிற்றிலேயே கன்றைக் கொல்லும் ஒரு மரபணுக் குறையையும் சேர்த்துப் பரப்பியிருந்தது. அதனால் உலகெங்கும் ஐந்து லட்சத்துக்கும் மேல் கருக்கள் கலைந்திருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். பாலை அளந்தார்கள். பாலைப் பற்றிச் சரியாகச் சொன்னார்கள். கலைந்த கருவை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை. அண்ணன் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்த இரண்டு நோட்டுகள்தான் எனக்கு நினைவு வந்தன.

2009 முதல் அமெரிக்காவில் மகள்கள் பிறப்பதற்கு முன்பே, கன்றின் மரபணுவைப் படித்துக் காளைக்கு மதிப்புப் போடுகிறார்கள். ஐந்து வருடக் காத்திருப்பு இல்லை. அந்தக் கணக்கும் எங்கோ ஒரு கொட்டகையில் யாரோ ஒழுங்காக எழுதி வைத்த பால் நோட்டில்தான் காலூன்றி நிற்கிறது.

அண்ணன் அந்தக் காளையை விற்கவில்லை. வயதாகிச் செத்தது. இப்போது கொட்டகையை மகள் பார்த்துக்கொள்கிறாள். காளை வாங்குவதில்லை, உறைவிந்துதான். போன வருடம் ஒரு நாள் அண்ணனும் மகளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். கையில் ஒரு நிறுவனத்தின் பளபளப்பான காளைப் பட்டியல். ஒரு காளையின் பக்கத்தில் கூடுதல் பால் என்று பெரிய எண் போட்டிருந்தது. அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம்.

"கேளு தம்பி, நீ கேட்டா ஒழுங்கா பதில் சொல்லுவாங்க."

நான் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தேன். இந்த அளவு யாரோடு ஒப்பிட்டு வந்தது, எத்தனை மகள்கள், எத்தனை கொட்டகை என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் காத்திருக்கச் சொன்னாள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அண்ணன் சட்டைப் பையிலிருந்து 555 நோட்டை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். அவள் திரும்பி வந்து, நாற்பத்தாறு மகள்கள், பத்தொன்பது கொட்டகை என்றாள். விட்டுப்போன மகள்கள் உண்டா என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார். நான் அதையும் கேட்டேன். அவள் மறுபடி காத்திருக்கச் சொன்னாள்.